தாலி கட்டின திகதி

கனகசபைச் சம்மாட்டிக்கு முன்னால் கோடு, வழக்கு என்று யாராவது வாய் திறந்தால் அன்றைக்கு அவர்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூடக் கிடைக்காது. மனிசன் அவ்வளவுக்கு நொந்து போனவர். அவருடைய தகப்பன் வேலியில் நின்ற ஒரு கதியால் தடிக்காகப் போட்ட காணி வழக்கு பத்தொன்பது வருசம் இழுபட்டது. போட்டவரும் செத்து, எதிராளியும் செத்து, கதியாலும் உக்கி விழுந்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. அது யார் பக்கம் வந்தது என்று சல்லி ஊரில் இன்றைக்கும் ஒருவருக்கும் வடிவாகத் தெரியாது.

அப்படிப்பட்டவருடைய வீட்டில், இடியப்பமும் கீரிமீன் சொதியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மாசி மாதப் பின்நேரம், மகள் லோஜினி தலை நிமிராமல் சொன்னாள்.

"அப்பா, நாங்கள் வழக்குப் போடப் போறம்."

"ஆரோட?"

"கனடாவோட."

கனகசபை வாய்க்குக் கொண்டுபோன இடியப்பத்தைத் திரும்பத் தட்டில் வைத்தார். பிறகு மனைவி தங்கேஸ்வரியைப் பார்த்தார். அவள் சொதிச் சட்டியைப் பார்த்தாள். இரண்டு பேரும் முதலே கதைத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கு அந்தப் பார்வையிலேயே விளங்கிவிட்டது.

"உனக்கு விசரே பிள்ளை? ஒரு நாட்டோட ஆரும் வழக்காடுறதோ?"

"நாட்டோட இல்லையப்பா, விசாக் கந்தோரோட. ஓம் எண்டு சொல்லு, இல்லாட்டி ஏலாது எண்டு சொல்லு, ரெண்டில ஒண்டைச் சொல்லு எண்டு அங்கத்தைய நீதவான் அவைக்குக் கட்டளை போடுவாராம். கனபேர் இப்பிடிப் போட்டுத்தான் அலுவல் முடிச்சிருக்கினம். இவர் லோயரோடயும் கதைச்சிட்டார்."

"தாமதத்துக்கு மருந்து வழக்கோ? வழக்கெண்டாலே தாமதம்தானே! வயித்தால போறவனுக்கு ஆமணக்கெண்ணெய் பருக்கின கதையெல்லோ உன்ர கதை!"

தங்கேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லோஜினிக்கு வரவில்லை.

அவளுக்கு முப்பத்தொரு வயது நடக்கிறது. உப்புவெளியில் வெள்ளைக்காரர் வந்து தங்கும் ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. காலையில் சைக்கிளில் போய்ப் பொழுதுபட வருவாள். புருசன் யதுர்சன் பாலையூற்றுப் பெடியன்தான். ரொறொன்ரோவில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறான். பெண்சாதியைக் கூப்பிட அவன் விண்ணப்பம் போட்டு மூன்று வருசம் ஆகப்போகிறது. ஒரு வருசத்தில் முடியும் என்றார்கள். மருத்துவச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள், போனாள். பொலிஸ் அறிக்கை கேட்டார்கள், அனுப்பினாள். பிறகு கிணற்றில் போட்ட கல்தான். மின்னஞ்சல் போட்டால், "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்ற அதே ஒற்றை வரி. அந்த வரியை வாசித்து வாசித்துத் தங்கேஸ்வரிகூட அதை இங்கிலீசில் பாடமாக்கி விட்டாள்.

"கோவிச்சுக்கொண்டு ஒரேயடியா இல்லையெண்டு எழுதிப்போட்டால் என்ன செய்வாய்?" என்றார் கனகசபை. இப்போது குரலில் சூடு குறைந்திருந்தது.

"எழுதட்டுமப்பா! இல்லையெண்டுறதும் ஒரு பதில்தானே. ரோட்டில காணுற சனமெல்லாம், என்ன பிள்ளை இன்னும் போகேல்லையோ, என்ன பிள்ளை அவர் அங்க ஆரையும் பாத்திட்டாரோ எண்டு கேக்குது. நான் கலியாணம் முடிச்சவளோ முடிக்காதவளோ எண்டு எனக்கே சிலநேரம் சந்தேகமாக் கிடக்கு."

சொல்லிவிட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். கை கழுவுகிற சத்தம் கனநேரம் கேட்டது. கனகசபை அதன் பிறகு வழக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. மிச்ச இடியப்பத்தைச் சாப்பிட்டு முடித்தார், அவ்வளவுதான்.

வழக்குப் போட்டாயிற்று. கச்சான் காற்றுத் தொடங்கிக் கடல் அடங்கியது. கரைவலைக் காலம் வந்தால் கனகசபைக்கு வேறு நினைவு இராது. வள்ளத்தில் வலையை ஏற்றிக் கடலை வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு தலைக் கயிற்றையும் கரையில் இரண்டு பக்கமும் ஆள் நின்று இழுக்கவேண்டும். அங்காலே நிலாவெளிப் பக்கம் சிலர் உழவு இயந்திரத்தைக் கட்டி இழுக்கிறார்கள். கனகசபை அதைக் கண்ணாலும் பார்க்கமாட்டார். "மீன் என்ன மரக்குத்தியோ, இயந்திரம் கட்டி இழுக்க?" என்பார். அவருடைய கரையில் இருபது பேர், நாற்பது கைகள். ஆள் குறைந்த நாளில் சம்மாட்டியே கயிறு பிடிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்து வேம்பின் கீழ் இருந்து அவர் வலையின் மடியில் விழுந்த ஓட்டையைப் பொத்திக்கொண்டிருந்தார். லோஜினி போனைச் சத்தமாக வைத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"மாமாவும் நிக்கிறாரே?" என்று கேட்டான் யதுர்சன்.

"நிக்கிறன் தம்பி, சொல்லுங்கோ."

"மாமா, எங்கட லோயர் அவையின்ர கோப்புக் குறிப்பை எடுத்திட்டார். ஏன் தூக்கி வச்சிருக்கினம் எண்டு தெரிஞ்சிட்டுது. கலியாணத் திகதிதான் பிரச்சினை. படிவத்தில ஒரு திகதி போட்டிருக்கிறம், பதிவுச் சான்றிதழில வேற திகதி கிடக்கு. ரெண்டுக்கும் நடுவில இருபத்திமூண்டு மாசம். இது உண்மையான கலியாணமோ எண்டு சந்தேகம் எண்டு ஒருத்தர் எழுதி வச்சிட்டு மாறிப் போயிட்டார். அதுக்குப் பிறகு ஒருத்தரும் அந்தக் கோப்பைத் தொடேல்லை."

கனகசபையின் கையில் இருந்த ஊசி அப்படியே நின்றுவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகத்தான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாணம் இரண்டு தரம் நடக்கும். முதலில் எழுத்து. பதிவுகாரர் வந்து புத்தகத்தை விரிப்பார், இரண்டு பேரும் கையெழுத்து வைப்பார்கள், சனம் கேக்கும் வாழைப்பழமும் தின்றுவிட்டுப் போகும். சட்டத்துக்கு அதோடு சரி. சனத்துக்குச் சரியில்லை. நாள் பார்த்துக் கோயிலில் தாலி ஏறும்வரைக்கும் பொம்பிளை பொம்பிளைதான், பெண்சாதி இல்லை. லோஜினிக்கு எழுத்து முடிந்தது மாசியில். தாலிக்குப் பங்குனியில் நாள் வைத்திருந்தது. அதற்குள் கொரோனா வந்து உலகத்தையே பூட்டிவிட்டது. மாப்பிள்ளை கிடைத்த கடைசிப் பிளேனில் ஏறிப் போனவன், இரண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு தை மாதம் வந்துதான் சல்லி அம்மன் கோயிலில் தாலி கட்டினான்.

படிவம் நிரப்பிய அன்றைக்கு லோஜினி கேட்டாள்தான். "அப்பா, கலியாணத் திகதி கேட்டிருக்கு. எழுத்துத் திகதியைப் போடட்டே?" என்று கேட்டாள்.

அதற்கு இந்த மனிசன் என்ன சொன்னார்? "என்ன எழுத்து? எழுத்தெண்டுறது கடதாசி! கலியாணம் முடிச்ச பிள்ளையை ரெண்டு வருசம் தாலியில்லாமல் வீட்டில வச்சிருந்தனான் எண்டு நான் கனடாக்காரனுக்கு எழுதிக் குடுக்கிறதோ? தாலி கட்டின திகதியைப் போடு!" என்று சொன்னார். அவள் போட்டாள். புருசனும், மாமா சொன்னால் சரிதானே என்று அதையே போட்டான்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை கத்தியதற்குப் பிள்ளை அல்லவா மூன்று வருசம் கெட்டது.

அன்றைக்கு மத்தியானம் கனகசபை சாப்பிடவில்லை. தங்கேஸ்வரி வந்து கூப்பிட்டபோது, "என்ர வாயைத் தைக்க வேணுமப்பா, மடியைத் தைச்சென்ன பிரியோசனம்," என்றார். லோஜினி அவரைக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய அடியாக இருந்தது. ஏசியிருந்தால் திருப்பி ஏசியாவது ஆறியிருக்கலாம்.

பின்நேரம் அவரே மகளிடம் போனார்.

"நான் என்ன செய்ய வேணும்?"

"நீங்கள் ஒரு சத்தியக் கடதாசி குடுக்க வேணுமாம். எங்கட ஆக்களின்ர வழக்கத்தைச் சொல்லி, ஏன் அந்தத் திகதியைப் போட்டனாங்கள் எண்டு."

"கோட்டுக்கு?"

"ஓமப்பா, கோட்டுக்குத்தான்."

"வாறன்," என்றார் கனகசபை. "எங்க வரவேணும்?"

திருகோணமலை டவுனில் யசோதரா என்ற பெண் சட்டத்தரணி இருந்தார். வயது நாற்பதுக்குள்தான், ஆனால் கண்ணாடிக்கு மேலால் பார்க்கும்போது எண்பது வயது நீதவான் மாதிரி இருக்கும். கனகசபை மகளின் கலியாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, பெண்சாதியையும் மகளையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் இருந்தார்.

"ஐயா, எழுத்து முடிஞ்ச பிறகு மாப்பிளை எவ்வளவு நாள் இஞ்ச நிண்டவர்?"

"மூண்டு கிழமை, தங்கச்சி."

"அந்த நேரம் உங்கட வீட்டில தங்கினவரே?"

"என்ன கேள்வி கேக்கிறீங்கள்! தாலி ஏறாமல் தங்குறதோ? வந்தால் விறாந்தையில கதிரை போட்டு இருத்துவன். நடுவில நான் இருப்பன். தேத்தண்ணி குடிச்ச உடன எழும்பிப் போற நேரம் வந்திட்டுதெண்டு மணிக்கூட்டைப் பாப்பன்."

யசோதரா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். "நல்லது. உங்கட ஆக்களுக்கு எழுத்து வேற, கலியாணம் வேற. இதை அப்பிடியே போடுறன். படிவத்தில தாலி கட்டின திகதியை எழுதச் சொன்னது ஆர்?"

கனகசபை தொண்டையைச் செருமினார்.

"நான்தான். பிள்ளை கேட்டவள், நான்தான் மறிச்சனான். பிழை என்ர எண்டு வடிவா எழுதுங்கோ தங்கச்சி. பெரிய எழுத்தில எழுதுங்கோ. அவளில ஒரு பிழையும் இல்லை."

லோஜினி தகப்பனின் கையைப் பிடித்தாள். அவர் கையை இழுக்கவில்லை.

"ஆனால் ஒண்டு," என்றார் கனகசபை. "தகப்பன் மகளுக்குச் சாட்சி சொன்னால் அவன் நம்புவானோ? வேலிக்கு ஓணான் சாட்சி எண்டு சிரிக்கமாட்டானோ?"

"அதுதான் நானும் யோசிக்கிறன். எழுத்துக்கும் தாலிக்கும் இடையில இவை ரெண்டு பேரும் உண்மையாப் பழகினதுக்கு ஏதும் அத்தாட்சி இருந்தால் நல்லம். எங்கயும் சேந்து போனது, படம் எடுத்தது..."

"இல்லவே இல்லை!" என்றார் கனகசபை நெஞ்சை நிமிர்த்தி. "நான் விட்டால்தானே! ஒரு இடமும் போகேல்லை. ஒரு படமும் இல்லை."

"அதுதான் ஐயா இப்ப எங்களுக்குப் பிரச்சினை."

கனகசபையின் நெஞ்சு திரும்பச் சுருங்கியது. மேலே காற்றாடி மட்டும் கிறீச்சென்று சுற்றியது. அப்போதுதான் தங்கேஸ்வரி இருமினாள். சளி இருமல் இல்லை அது. முப்பத்தைந்து வருசம் கூட இருந்த மனிசனுக்குத் தெரியாதா?

"என்ன?" என்றார்.

"இருக்கு," என்றாள் தங்கேஸ்வரி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"என்ன இருக்கு?"

"படம் இருக்கு. நீங்கள் கடலுக்குப் போன நேரம் நான்தான் விட்டனான். நிலாவெளிப் பக்கம் ஐஸ்கிறீம் குடிக்கப் போனவை. மூண்டு தரம்."

"நாலு," என்றாள் லோஜினி மெல்ல.

கனகசபைக்கு முகம் சிவந்து, பிறகு கறுத்து, பிறகு என்ன நிறம் என்று சொல்ல முடியாமல் போயிற்று. "அடி பாவிகளே! நான் விறாந்தையில காவல் இருக்க, நீங்கள் பின்வாசலைத் திறந்து விட்டனீங்களோ?" என்று கத்தினார். பக்கத்து அறையில் இருந்த எழுதுவினைஞர் எட்டிப் பார்த்தார். யசோதராவோ கதிரையில் இருந்து பாதி எழும்பிவிட்டார்.

"அம்மா, அந்தப் படங்களில திகதி இருக்கோ?"

லோஜினி போனைத் திறந்து நீட்டினாள். கடற்கரையில் வாடைக் காற்றுக்குத் தலைமயிர் எல்லாம் முகத்தில் அடிக்க, இரண்டு பேரும் ஐஸ்கிறீம் கையோடு நிற்கிறார்கள். யதுர்சனின் மூக்கில் ஐஸ்கிறீம். லோஜினி வாயைத் திறந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். கீழே மாசி மாதத் திகதி.

"இது காணும்," என்றார் யசோதரா. "இந்த ஒரு படமே காணும், வேற ஒண்டும் வேண்டாம். இப்பிடிச் சிரிப்பை ஒருத்தரும் விசாவுக்காகச் சிரிக்கேலாது."

கனகசபை போனை வாங்கிப் பார்த்தார். எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். இந்த மூன்று வருசத்தில் மகள் இப்படிச் சிரித்து அவர் கண்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத்தானோ என்னவோ, கோபத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

"நாலு தரம் போயிருக்கினம், ஒரு படம்தான் எடுத்ததோ? மிச்சப் படமெல்லாம் எங்க? எல்லாத்தையும் கோட்டுக்கு வையுங்கோ தங்கச்சி! ஒண்டையும் விடாதேங்கோ!"

அன்றைக்கு மூன்று பேரும் டவுனில் தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். பஸ்ஸில் வரும்போது கனகசபை இடையிடையே தனக்குள் சிரித்தார். "பின்வாசலால," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு நடந்ததுதான் அவரால் நம்ப முடியாத விசயம். கடதாசிகள் எல்லாம் கனடாவுக்குப் போய், கோட்டில் ஒப்படைத்து இரண்டு மாதத்துக்குள், அரசாங்கப் பக்கத்து லோயர்மாரே இறங்கி வந்துவிட்டார்கள். அறுபது நாளுக்குள் முடிவு சொல்கிறோம், வழக்கை வாங்குங்கள் என்றார்கள்.

"ஒரு தவணைகூட இல்லையோ?" என்று கேட்டார் கனகசபை. அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம் என்றுகூடச் சொல்லலாம். "நீதவான் என்ர கடதாசியை வாசிக்கவே இல்லையோ?"

"அவை வாசிச்சபடியாத்தானே அப்பா இறங்கி வந்தவை."

"ஆனாலும் இது ஒரு கோடோ!" என்று தலையை ஆட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஆனால் முடிவு சொல்கிறோம் என்றார்களே தவிர, என்ன முடிவு என்று சொல்லவில்லை. அந்த அறுபது நாளும் வீட்டில் ஒருவருக்கும் சரியான நித்திரை இல்லை. தங்கேஸ்வரி அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்தாள். லோஜினி போனைக் கையை விட்டு இறக்கவில்லை. கனகசபை மட்டும் ஒன்றும் நேரவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் கடலுக்குப் போகுமுன் மகளின் முகத்தை ஒருதரம் பார்ப்பார். அவள் இல்லையென்று தலையாட்டுவாள். போய்விடுவார்.

ஐம்பத்திரண்டாம் நாள். புரட்டாதி தொடங்கியிருந்தது. காலை ஒன்பது மணி வெயில் மணலில் ஏறிக்கொண்டிருந்தது. வலை வளைத்து முக்கால்வாசி கரைக்கு வந்துவிட்டது. ஆள் குறைவு என்று கனகசபையே கயிறு பிடித்திருந்தார். இந்த நேரம்தான் வலைக்கு மோசமான நேரம். ஒரு பக்கம் கை தளர்ந்தால் வலை சரியும், உள்ளே நிற்கிற மீன் முழுக்க வழிந்து போய்விடும். மீன் வாங்க வந்த நஸ்ரி தன் வான் வண்டியைத் தென்னைக்குக் கீழ் விட்டுவிட்டு, கரையில் நின்று, "சம்மாட்டி, இண்டைக்குப் பாரையோ சூடையோ?" என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தான்.

லோஜினி ஓடி வந்தாள். செருப்பு ஒன்று மணலில் கழன்று விழுந்தது, எடுக்கவில்லை. பின்னால் தங்கேஸ்வரி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா! பாஸ்போட் கேட்டிருக்கினம்! பாஸ்போட்டை அனுப்பட்டாம்!"

"பாஸ்போட்டோ? இன்னும் என்னத்துக்கு அவைக்குப் பாஸ்போட்? எத்தினை கடதாசி குடுத்தாச்சு!"

"ஐயோ அப்பா, பாஸ்போட் கேட்டால் விசா குத்தத்தான்! கிடைச்சிட்டுது! எனக்கு விசா கிடைச்சிட்டுதப்பா!"

இரண்டு பக்கத்துக் கயிறும் ஒரு கணம் நின்றது. கனகசபைக்கு மகளிடம் ஓட வேண்டும் போலிருந்தது. கால் ஓடத் துடித்தது. கை கயிற்றில். என்ன செய்வார் மனிசன்? நின்ற இடத்தில் நின்றே, கழுத்து நரம்பு புடைக்க, கடலுக்கு அங்காலும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார்.

"இழுங்கோடா! ஒருத்தரும் கையை விடாதேங்கோ! என்ர பிள்ளைக்கு விசா வந்திட்டுது, இழுங்கோ!"

கயிறு பிடித்த எல்லோரும் கூவினார்கள். அப்படி ஒரு இழுவையை அந்தக் கரை எந்தக் காலத்திலும் கண்டிருக்காது. லோஜினியும் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தகப்பனுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தாள். நஸ்ரி கையில் கிலுக்கிய வான் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு மற்றப் பக்கத்தில் பிடித்தான். தங்கேஸ்வரி அழுதாள், சிரித்தாள், கரையில் நின்று கையைத் தட்டினாள். மடி கரையேறியபோது அப்படியொன்றும் பெரிய மீன்பாடு இல்லை. சூடையும் கீரியுமாய் எட்டு, பத்துக் கூடை வரும். ஆனால் அன்றைக்கு அதை யார் பார்த்தார்கள்?

"கனடா அரசாங்கத்தை வெண்ட சம்மாட்டி எண்டு இனி ஊரில பேர்!" என்றான் நஸ்ரி மூச்சு வாங்கிக்கொண்டு.

"போடா, அவை நல்ல ஆக்கள். வாசிச்ச உடன விளங்கீட்டுது," என்றார் கனகசபை. ஒரு காலையிலேயே அவருக்கு அந்தக் கந்தோரில் அவ்வளவு மரியாதை வந்துவிட்டது.

போன் அடித்தது. அங்கே இரவாகியும் யதுர்சன் படுக்கவில்லை. திரையில் அவன் முகம் முழுக்கக் கண்ணீரும் சிரிப்புமாக இருந்தது. கரையில் நின்ற எல்லோரும் லோஜினியின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

"எப்ப வாறீர்?" என்று கேட்டான். "ரிக்கெட் பாக்கட்டே? வாற கிழமைக்கே இருக்கு."

லோஜினி பக்கத்தில், முழங்கால் வரை நனைந்த சாரத்தோடு, கயிறு அறுத்த உள்ளங்கையை ஊதிக்கொண்டு நின்ற தகப்பனைப் பார்த்தாள்.

"ஒரு மாசம் பொறுங்கோவன்," என்றாள்.

"என்னது! மூண்டு வருசம் அவையள் தாமதம் எண்டு கோட்டுக்குப் போனால், இப்ப நீர் தாமதிக்கிறீரோ? உமக்கு எதிராயும் ஒரு வழக்குப் போடட்டே?"

கரை முழுக்கச் சிரித்தது. கனகசபை சிரிக்கவில்லை. மகளின் கையிலிருந்து போனை வாங்கினார்.

"தம்பி, அவளின்ர கதையைக் கேக்காதேங்கோ. பாஸ்போட் வந்த உடன ரிக்கெட்டைப் போடுங்கோ. இவ்வளவு காலமும் என்ர வாயால மறிபட்டது காணும். இனி என்னால ஒரு நாளும் மறிபடக் கூடாது. விளங்கிச்சோ?"

"விளங்குது மாமா," என்றான் யதுர்சன்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறென்று மடிப் பக்கம் நடந்தார். நஸ்ரியிடம் ஏதோ சொன்னார். கூடையை எடுத்தார், வைத்தார். நனைந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கி, பாதியில் ஒருவனிடம் கொடுத்தார். லோஜினி போனில் கதைத்து முடியும்வரை அங்கேயே சும்மா நின்றார். அவள் போனை வைத்ததும் மெல்ல வந்து பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை."

"என்னப்பா?"

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு மாசம் காணுமோ?"